நீக்கப்படவிருக்கும் பொதிகள்

பாதிச் சொல்லில் குரல் நின்றது.

அவள் ஒலியைக் கூட்டினாள். ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினாள்.

கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முட்களைத் தடவினாள். ஒன்பது முப்பத்தைந்து.

பத்து மணிக்கு வேலைக்கான இணையத் தேர்வு. ஆறு வருடம் விண்ணப்பம் போட்டு வந்த ஒரே அழைப்பு.

பிறவியிலேயே பார்வை இல்லை அவளுக்கு. கணினித் திரையில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்வது அந்தக் குரல்தான்.

'கணினியைப் புதுப்பித்து வைத்திருக்கவும்' என்று அழைப்பில் இருந்தது. சொன்னபடி செய்தாள். கட்டற்ற இயங்குதளம், ஒரே கட்டளையில் எல்லா மென்பொருள் பொதிகளும் புதிதாகிவிடும். அதற்கு முன் ஒரு பட்டியல் வரும். எவை சேர்கின்றன, எவை நீக்கப்படுகின்றன. இருநூறு பெயர். யார் உட்கார்ந்து கேட்பது? எப்போதும்போல் குரலின் வாயை அடைத்துவிட்டு என்டரைத் தட்டினாள்.

நீக்கப்படும் பட்டியலில் குரலும் இருந்திருக்கிறது.

கேட்டுத் தொலைத்திருக்கலாம், பாவி.

குரலைத் திரும்ப நிறுவும் கட்டளை மனப்பாடம். தட்டினாள். கடவுச்சொல்லையும் தட்டினாள். ஏற்றுக்கொண்டதா? நடுவில் ஓர் எழுத்து தப்பிவிட்டதா? மறுபடி கடவுச்சொல் கேட்கிறதா, இன்னும் எதையாவது நீக்கவா என்று கேட்கிறதா?

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

கைபேசி பழுதுக்குப் போய் மூன்று நாள்.

"செண்பகக்கா! ஓடி வாங்களேன்!"

பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி ஈரக்கையோடு வந்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள்.

"வரிவரியா என்னமோ இருக்குடி. கடைசியில ஒரு கோடு சிமிட்டிக்கிட்டு நிக்குது."

"அதுக்குப் பக்கத்துல என்ன எழுத்துக்கா?"

"பெருசா ஒண்ணு இருக்கு. எழுத்தெல்லாம் எனக்கெங்கடி தெரியும்?"

செண்பகவல்லி அவளது உள்ளங்கையில் வரைந்து காட்டினாள். மறுபடி வரைந்தாள்.

அவளுக்கு அழுகை முட்டியது. ஆயிரம் தடவை தட்டிய எழுத்தாகத்தான் இருக்கும். உருவம் தெரியாது.

"அழாதடி, இரு. இதே மாதிரி இந்தக் கட்டையில ஒண்ணு கெடக்கு."

செண்பகவல்லி அவள் விரலைப் பிடித்து ஒரு விசையின் மேல் வைத்தாள்.

ஒய்.

'யெஸ்'ஸின் முதல் எழுத்து. சம்மதமா என்று கேட்கிறது. எதற்குச் சம்மதம்? தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. தட்டினாள். என்டரையும் தட்டினாள்.

"ஓடுது, ஓடுது! ஆத்தாடி, என்னா வேகம்!"

ஒன்பது ஐம்பத்திரண்டு.

வந்துவிடு. ஒரு சொல் பேசு. இனி ஒரு பெயர் விடாமல் கேட்கிறேன்.

"நின்னுருச்சுடி."

குரல் வரவில்லை.

"கடைசி வரிக்கா. மொத எழுத்து."

செண்பகவல்லி நிதானமாகத் தேடினாள். திரையைப் பார்த்தாள், விசைகளைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் பொடி எழுத்து, இந்தக் கட்டையில காணோம். இது மட்டும் இருக்கு பாரு."

விரலைக் கொண்டுபோய் வைத்தாள்.

ஆங்கில ஈ.

பிழை என்றால்தான் வரி அந்த எழுத்தில் தொடங்கும். அவள் விரலை எடுக்கவில்லை. ஐம்பத்தாறு ஆகியிருக்கும்.

"சரியா இருக்காடி? ரெண்டு எழுத்து படிச்சுட்டேன்ல நான்?"

அந்தக் கேள்வியில் அப்படியொரு பூரிப்பு. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லுடி, சரியா படிச்சேனா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியாத்தான் படிச்சீங்கக்கா."