அனுப்பியவரிடம் கேட்ட பிறகு

போன மாதம் மெயிலில் வந்த பில் ஒன்றைச் சுகிர்தா திறக்கப்போய், வைரஸ் புகுந்து சேலை டிசைன் அத்தனையும் அழிந்துபோயிற்று. "இனிமே அனுப்புனவங்களுக்குப் போன் போட்டுக் கேட்டு, நோட்டுல எழுதிட்டுத்தான் எந்த ஃபைலையும் திறக்கணும். இன்னொரு தடவை பிசகுச்சுன்னா வேலைக்கு வர வேண்டாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் சூடு கண்ட பூனைதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு ஃபைல் வந்தது. அனுப்பியவர் பெயர் சுகிர்தா, முகவரியும் அவளுடையதே.

"நான் அனுப்பவே இல்லையே, மைதீன் பாய்" என்றாள், எதிர் மேசைக்காரரிடம்.

"கள்ள மெயிலா இருக்கும். ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஒனக்கே ஒரு போனைப் போட்டுக் கேட்டுரு, தாயி."

சிரித்துக்கொண்டே ஆபீஸ் போனில் தன் செல் நம்பரை அடித்தாள். மேசையில் கிடந்த அவள் செல் சத்தம் காட்டவில்லை. ஆனால் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"சுகிர்தா பேசுதேன்" என்றது, அச்சு அசலாக அவளுடைய குரலே.

அவளுக்கு வாயில் வந்தது வழக்கமான கேள்விதான். "ஒரு ஃபைல் வந்திருக்கு. நீங்கதான் அனுப்புனீங்களா?"

"நான் ஒண்ணும் அனுப்பலையே. திறந்துராதீங்க."

'அனுப்பவில்லை' என்று நோட்டில் எழுதினாள்.

"யாரு தாயி போன்ல?" என்று மறுமுனையில் மைதீன் பாய் கேட்டார்.

சுகிர்தா நிமிர்ந்தாள். எதிரே அவர் வாய் நிறைய டீயோடு உட்கார்ந்திருந்தார்.

"தெரியல, பாய்" என்றது அந்தக் குரல். "நம்ம ஆபீஸ் நம்பர்ல இருந்துதான் வருது."