பகையாளியின் சாட்சி

சங்கரன்கோவில் பிரவின்ராஜுக்கு விமான நிலையப் பாதுகாப்பு வேலை கிடைக்கவிருந்தது. அவனைப் பற்றித் தெருவில் விசாரிக்க வந்த ஏட்டையாவை, சுவர்த் தகராறில் அவன் வீட்டாரோடு பேச்சை முறித்திருந்த பக்கத்து வீட்டுத் தங்கப்பழம் வழிமறித்தார்.

"கஞ்சாக் குடிக்கிப் பய, ஐயா! காலேஜ்ல படிக்கும்போது குடிச்சுட்டு வந்து எங்க வாசல்லதான் கெடப்பான்."

"இப்பவும் குடிக்கானா?"

"விட்டுட்டான். அதுக்காவ நடந்தது இல்லன்னு ஆயிருமா? எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன்."

போட்டார். "ஒழிஞ்சான்!"

ஏட்டையா பேனாவை மூடினார்.

"முன்னால குடிச்சேன், இப்ப விட்டுட்டேன்னு அவனே விண்ணப்பத்துல எழுதி ஒத்துக்கிட்டான், அண்ணாச்சி. பொய் சொன்னாத்தான் வேலை போகும். தெருவுல கேட்டா, அவன் மேல உள்ள பிரியத்துல எல்லாரும் தொட்டதே இல்லங்காவ. அவன் சொன்னது நெசம்னு சாட்சி சொல்ல நீங்க ஒருத்தர்தான் வந்தீய."