பாப்பம்மாள் போட்ட கெட்டில் வழக்கு

"ஏனம்மிணி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. வேற கம்பெனி கெட்டில் கையோட கொண்டாந்திருக்கறேன். இதை வெச்சுக்கிட்டு கேஸை வாபஸ் வாங்கிரு."

ஊட்டி நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் வராந்தாவில் நின்று கெஞ்சினார் ஆறுக்குட்டி. அரவேணுவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். எதிரே நின்றவள் பக்கத்து வீட்டு பாப்பம்மாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள்.

"வேண்டாங்ணா" என்றாள் அவள், பத்தாவது முறையாக.

"ஷாக் அடிச்சா நான் என்ன பண்ணுவேன், சொல்லு. நானா கெட்டில் செய்யறேன்? கம்பெனிக்காரன் குடுத்தான், வித்தேன்."

"வித்தது நீங்கதானுங்களே. கம்பெனி பேரோட உங்க பேரும் கேஸுல இருக்கோணுமுன்னு சொல்லிட்டாங்க."

மனுஷர் நொந்துபோனார். நோகாமல் என்ன செய்வார்? அவர் கடையில் வாங்கிய சாமான் பழுது என்று யார் வந்து நின்றாலும், மறுபேச்சில்லாமல் வேறு கொடுத்து அனுப்புகிறவர். இந்தக் கரண்ட் கெட்டிலுக்கும் அப்படியே செய்தார். வாங்கிப்போன அத்தனை பேருக்கும் தன் கைக்காசைப் போட்டு வேறு கெட்டில் கொடுத்தார். கம்பெனியோ, பழையதைத் திரும்ப எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டது. கடையின் பின்பக்கம் முழுக்க ஷாக் அடிக்கும் கெட்டில்கள். புதுச் சரக்கு வாங்க வழியில்லை. இன்றைக்குத் தீர்ப்பும் எதிராக வந்தால், கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஊரே சந்தோஷமாக மாற்றி வாங்கிக்கொண்டபோது, இந்த ஒருத்திதான் மாட்டேன் என்று பில்லோடு வழக்குப் போட்டாள். இத்தனைக்கும் அவள் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் முழுவதையும் வாங்கின விலைக்கே கொடுத்தவர் அவர். அதை நினைத்தபோது ஆறுக்குட்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

"காலைல ஏதாச்சும் சாப்டீங்களா?" என்று கேட்டாள் பாப்பம்மாள்.

"எம்மேல கேஸும் போடுவே, சோறு தின்னியான்னும் கேப்பியா?"

"பஸ்ஸுலயே பாத்தனுங்க, மூஞ்சி வாடிக் கெடந்துச்சு. இந்தாங்க, இட்லி இருக்குது."

கோபம் குறையாமலே வாங்கித் தின்றார். பசி, பாவம்.

உள்ளே கூப்பிட்டார்கள். ஆணையத் தலைவர் பாப்பம்மாளைப் பார்த்தார். "கடைக்காரர் மாத்தித் தர்றேன்னு சொல்றார். ஏம்மா வாங்கிக்கலை?"

"கடைக்காரர் குடுக்கறது எனக்கு வேண்டாமுங்க. செஞ்சவங்க பதில் சொல்லட்டும்."

கெட்டில் ஏற்கெனவே சோதனைக்குப் போய் வந்திருந்தது. ஆளைக் கொல்லக்கூடிய பழுது என்று சோதித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். கம்பெனி வக்கீல் எழுந்து நின்று என்னென்னவோ பேசிப் பார்த்தார். எடுபடவில்லை.

தலைவர் தீர்ப்பைச் சொன்னார். பாப்பம்மாளுக்குக் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். இந்தக் கெட்டில் இனி விற்பனைக்கு வரக்கூடாது. ஆறுக்குட்டியிடம் இருக்கும் கெட்டில்களையெல்லாம் கம்பெனியே எடுத்துக்கொண்டு, அவருக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். கடைக்காரர் மேல் குற்றம் இல்லை.

ஆறுக்குட்டிக்குக் கடை பிழைத்துவிட்டது என்பது புரியவே சற்று நேரம் ஆனது. வெளியே வந்ததும் பாப்பம்மாளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கேஸுல கெலிச்சுட்டே அம்மிணி. இப்பவாச்சும் எம்மேல இருந்த கோவம் போச்சா?"

"கோவமா? உங்க மேலயா?" பாப்பம்மாள் சிரித்தாள். "முன்னாடியே சொல்லியிருந்தா, எனக்கோசரம் லீவு போட்டு அலையாதேன்னு தடுத்திருப்பீங்க. விக்கறதுக்கு வாங்கின கடைக்காரர் இங்க கேஸ் போட முடியாதாமுங்க. வாங்கிப் பொழங்கினவங்கதான் போடோணுமாம். நீங்க ஊருக்கே மாத்திக் குடுத்து வாயை அடைச்சுட்டீங்க. நானும் வாங்கிட்டுப் போயிருந்தா, உங்களுக்காகக் கேஸ் போட ஆருங்ணா மிச்சம் இருக்கறாங்க?"