மூஞ்சி தெரியணும்

"இதுக்குப் பேர் தேய்ப்பா? நாய் நக்கின மாதிரி இருக்கு!" என்றார் மீசைக்காரர்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில், தன் கையாலேயே தட்டிச் செய்து தன்னோடு பிடிபட்ட சாராய அண்டாவின் முன் குந்தி, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான் செம்புக்காரன்.

"அடியில கரி இருந்துட்டுப் போகட்டுமே சார். அடுப்புல ஏறுற சாமான்தானே?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா? பேப்பர்ல போட்டோ வரப்போகுது. என் மூஞ்சி அதுல தெரியணும்!"

"உள்ளேயும் கழுவிடட்டுமா சார்? நாத்தம் வருது."

"அதைக்கூட நான்தான் சொல்லணுமா? கழுவித் தொலை!"

அவன் உள்ளே கழுவினான். வெளியே உப்புத்தாள் போட்டு, மெழுகு தடவித் துடைத்தான். அண்டா கடையில் அப்போதுதான் வாங்கியதுபோல் மின்னியது.

அடுத்த மாதம் அதே அண்டா கோர்ட்டில் மேஜைமேல் இருந்தது. குற்றவாளிக் கூண்டில் செம்புக்காரன் கைகட்டி நின்றான்.

அவனுடைய வக்கீல் அண்டாவை ஒரு தட்டு தட்டினார். "இதுல சாராயம் காய்ச்சினானாம் ஐயா! ஒரு பொட்டுக் கரி இருக்கா? வாசனை இருக்கா? அடுப்பையே பார்க்காத புதுப் பாத்திரம்!"

அண்டாவைப் பிடித்து வந்த இன்ஸ்பெக்டரை நீதிபதி ஏற இறங்கப் பார்த்தார். மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் மூஞ்சி, அவர் கேட்டபடியே, அண்டாவில் தெளிவாகத் தெரிந்தது.