எள்ளளவு கைப்பிடி

“மாமா, அசையாதீங்க!”

வாசற்படியைத் தாண்டி ஒரு கால் வைத்த மாரப்பன், மறு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

கத்திய பிறகுதான் ஆனந்திக்கு உறைத்தது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இத்தனை மாதத்தில் அவரிடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை இது.

சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்துப் பெண்ணை மகன் சிவப்பிரகாஷ் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக் கொழிஞ்சாம்பாறைக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து, அவர் அவளோடு பேசுவதில்லை. திட்டியதும் இல்லை. சோறு போடச் சொல்வதென்றாலும் மனைவி கமலாத்தாளிடம்தான் சொல்வார், ஆனந்தி கையில் கரண்டியோடு எதிரிலேயே நின்றாலும்.

இன்றைக்கு சிவப்பிரகாஷின் பெட்டியில் குறடு எடுக்க வந்திருந்தார். மகன் வேலைக்குப் போயிருந்தான். அவர் கதவைத் தள்ளிய சத்தத்தில் ஆனந்தியின் இடுக்கியிலிருந்து, ஒட்டவிருந்த சின்னப் பாகம் தெறித்துவிட்டது.

“என்ன உளுந்துச்சு?” என்றார், சுவரைப் பார்த்து.

“ஒரு கைப்பிடி மாமா. எள்ளு கணக்கா இருக்கும், மஞ்சளா. ஏரோப்ளேன்ல எஞ்சினை முடுக்குறது.”

மேசைமேல் ரெசினில் வார்த்த பயிற்சி விமானத்தின் மாதிரி இருந்தது. ஒரு சாண் நீளம். வாங்கி வந்தபோது விமானி உட்காரும் குழியில் வெறும் இரண்டு இருக்கைகள்தான். மற்றதெல்லாம் அவள் செய்து சேர்த்தது. ஊசிமுனையால் வெள்ளைப் புள்ளி வைத்த மீட்டர்கள். ஈயத் தகட்டில் வெட்டிய இருக்கைப் பட்டைகள். மயிரிழைச் செம்புக் கம்பியில் சுவிட்சுகள். ஒரு பட்டையின் கொக்கி நிஜ விமானத்தில் இருப்பதுபோல் வரவில்லை என்று போன வாரம் இருக்கையையே பெயர்த்தெடுத்தாள். சிவப்பிரகாஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

நாளைக்கு அது கொச்சிக் கண்காட்சிக்குப் போகவேண்டும். கைப்பிடியை ஒட்டி, மேலே கண்ணாடிக் கூண்டை மூடினால் வேலை முடிந்தது.

அவர் போய்விடுவார் என்றுதான் நினைத்தாள்.

மாரப்பன் தூக்கிய காலை மெல்லப் பின்னால் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். முட்டி போட்டார். ஆறடி மனிதர், வயலிலிருந்து வந்த கோலத்திலேயே, தரையோடு கன்னத்தை ஒட்டிக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

“நீ அந்தக் கட்டலுக்கடியில பாரு.”

சுவருக்குச் சொன்னதல்ல அது.

ஆனந்தி கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் தலையை நுழைத்தாள்.

“நம்ம டிராக்டர்ல கைக்கிட்ட ஒண்ணு இருக்குமே, அதாட்டவா?”

“அதேதான் மாமா. தள்ளுனா வேகம் எடுக்கும்.”

“அப்ப அது இல்லாம கெளம்பாதே.” நிஜமாகவே கவலைப்பட்டார். “மேல மூடிப்போட்டா உள்ள இருக்கறது ஆருக்குத் தெரியும்?”

“டார்ச் அடிச்சுப் பாப்பாங்க மாமா.”

“பாப்பாங்களா? அப்பத் தேடித்தான் ஆகோணும்.”

கமலாத்தாள் ஏதோ கேட்க வந்தாள். இரண்டு பேரும் தரையில் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாள். வந்த வழியே, சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

“இந்த வேலையெல்லாம் ஆரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல மாமா. எங்கப்பா பாக்டரில மெஷின் பாக்குறவங்க. எதைக் கழட்டுனாலும் பக்கத்துல போய் உக்காந்துக்குவேன்.”

அந்தப் பக்கமிருந்து உள்ளங்கை தரையைத் தடவும் சத்தம் மட்டும் வந்தது.

“உங்கய்யன் நல்லாருக்காரா?”

“நல்லா இருக்காங்க மாமா.”

“மலையில இப்பக் குளுரு சாஸ்தியா இருக்குமே. ஒருக்கா அம்மாவையுங் கூட்டிக்கிட்டு இங்க வரச் சொல்லு. நாலு நாள் இருந்துட்டுப் போகட்டும்.”

ஆனந்தி தேவைக்கு மேலேயே சற்று நேரம் கட்டிலுக்கடியில் இருந்தாள். மூக்கை உறிஞ்சினால் கேட்டுவிடும் என்று வாயால் மூச்சு விட்டாள்.

“அம்மிணி! கெடச்சிருச்சு!”

சுட்டுவிரலை நட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நுனியில், வியர்வையில் ஒட்டியபடி, எள்ளளவுக்கு மஞ்சளாக ஒன்று.

“மூச்சு உடாத, பறந்துரும்.”

இடுக்கியால் எடுத்து விளக்கடியில் பிடித்தாள். பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதுதான?”

“இதுதான் மாமா.”

பசை தொட்டு நிறுத்தினாள். நுனியில் கறுப்பு வைத்தாள். மாரப்பன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தார். “கைக்கிட்டயே இருக்குது,” என்றார் திருப்தியாக. குறடை எடுக்காமலே போய்விட்டார்.

அடுப்படியில் அவர் குரல் கேட்டது. “நாந்தான் கண்டுபுடிச்சேன். அந்தப் புள்ளைக்கே தெரியல!”

கண்ணாடிக் கூண்டின் விளிம்பில் பசை தடவும்போதுதான் ஆனந்தி கவனித்தாள். அவள் காலையெல்லாம் இழைத்த கைப்பிடி, துப்பட்டா ஓரத்து நூலில் சிக்கிக்கொண்டிருந்தது.

அதை எடுத்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடி வைத்தாள்.

விமானத்துக்குள், விமானியின் இடது கைக்கு எட்டும் இடத்தில், மாமாவின் வேட்டியிலிருந்து உதிர்ந்த வைக்கோல் துணுக்கு நிமிர்ந்து நின்றது.

கூண்டை இறக்கி, பசை பிடிக்கும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.