அரக்குப் பட்டு சரிந்த கதை

"எல்லாம் உன்னாலதான். வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருக்கே?" மணப்பெண்ணின் தோளில் கிடந்த அரக்குப் பட்டு அவளைப் பார்த்துச் சீறியது.

எதிரே நின்ற ஜவுளிக்கடைக் கண்ணாடி சிரித்தது. "அவளை ஏன்டி திட்டுறே? அத்தை, சித்தியெல்லாம் உன் ஜரிகையில மயங்கிட்டாங்க. உனக்குப் பெருமைதானே?"

"என்ன பெருமை? கத்திரி வெயில்ல முகூர்த்தம். இந்தக் கனத்தைச் சுத்திக்கிட்டு ஹோமத்து முன்னால உட்கார்ந்தா, தாலி ஏறுமுன்னே இவ சுருண்டு விழுவா. பழி என் மேல வரும். அப்புறம் ஆயுசுக்கும் என்னைப் பீரோவுல பூட்டிடுவாங்க. பாச்சை உருண்டையோட குடித்தனம் பண்ணப்போறது நீயா, நானா?"

கண்ணாடி இப்போதுதான் கவனித்தது. புடவைக் குவியலின் அடியில் மெல்லிய பச்சைப் பட்டு ஒன்று கிடந்தது. பெண்ணின் விரல்கள் அதன் கரையை விடாமல் வருடிக்கொண்டிருந்தன.

"அரக்கையே பில் போடச் சொல்லிடலாமா?" என்றாள் அத்தை. பெண் தலை குனிந்துகொண்டாள்.

அரக்குப் பட்டு வேண்டுமென்றே வழுக்கித் தரையில் விழுந்தது. எல்லோரும் அதை எடுக்கக் குனிந்தார்கள்.

"என்னால முடிஞ்சதைச் செஞ்சிட்டேன்," என்றது அது தரையிலிருந்து. "இனிமே உன் பாடு. அந்தப் பச்சையைக் கையில எடு. எனக்கு இதுதான் வேணும்னு இப்பவாவது சொல்லித் தொலை, தாயே."