பாட்டு முடிந்த பிறகு

கடியப்பட்டணத்தில் வெயில் சாய்கிறது. மீன் விற்றுத் திரும்பிய கிளாரா, செதில் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என் ரெக்கார்டரை வாங்கிக் காதோடு வைக்கிறாள். போன வருடம் கடற்பாடல்களைச் சேகரிக்க நான் வந்தபோது, அவள் கணவர் ஏசுஅடிமைக்குச் சும்மா உட்கார்ந்து பாட வரவில்லை. கரமடி வலையைக் கரைக்கு இழுக்கும் கயிற்றை முற்றத்துத் தென்னையில் கட்டி, அதை இழுத்துக்கொண்டேதான் பாடினார். அவர் இப்போது இல்லை. முடிச்சு இன்னும் தென்னையில் இருக்கிறது. பாட்டுக்கேற்ப கிளாராவின் கால் பெருவிரல் மணலை அழுத்துகிறது. பாட்டு முடிந்து கயிறு தரையில் விழும் சத்தம். "கஞ்சி ஆறுது, வாரும்" என்று பதிவில் வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய குரலே கூப்பிடுகிறது. "எனக்க சத்தத்த வெட்டிரு மக்கா" என்று அன்று கூசியவள் அவள். நான் வெட்டவில்லை. அடுத்து, என்னிடம் தணிந்து பேசும் அவர் குரல்: "அது நம்ம கிளாராவாக்கும். நான் குடிக்காம அவ கஞ்சியத் தொடமாட்டா." கிளாரா நிமிர்கிறாள். "ஒருநாளும் எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. எப்பவும் ஏட்டின்னுதான்." ஈரம் காயாத கையால் என் கையை இறுகப் பிடிக்கிறாள். "வெட்டாம வச்சியே, நல்லாயிருப்ப. பாட்டு கெடக்கட்டும் மக்கா, பேரச் சொன்னத இன்னொருக்கா போடு."